ஒத்தை பூட்ஸுக்கு மூணு கதை

இல்லைங்க, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கமா உட்காருங்க மிஸ் டோரன். மெஷினை இங்கேயே வைங்க, சர்க்கரை டப்பாவை நான் நகர்த்திக்கறேன். கேசட் ஓடுதா? சரி, ஓடட்டும். சாதாரணமாப் பேசணுமா? சாதாரணமாப் பேசுன்னு சொல்லிட்டு மூஞ்சிக்கு நேரா மைக்கை நீட்டினா எப்படிங்க? பல் டாக்டர் வாய்க்குள்ள கொறடை விட்டுக்கிட்டு, அப்புறம் உங்க பக்கம் மழையெல்லாம் எப்படின்னு கேட்பாரே, அந்த மாதிரி இருக்கு. பரவாயில்லை. எனக்குப் பேசறது கஷ்டமில்லை, நிறுத்தறதுதான் கஷ்டம்.

இந்தத் தெருவுல வேற யாருமே கதவைத் திறக்கலையா? திறக்க மாட்டாங்க. கையில ஒரு பெட்டி, கழுத்துல ஒரு அட்டை, இப்படி ஒரு பொண்ணு வாசல்ல வந்து நின்னா, ஒண்ணு வேக்குவம் க்ளீனர் விக்க வந்தவ, இல்லேன்னா ஆண்டவரைப் பத்திச் சொல்ல வந்தவ. இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு ரெண்டுமே ஏற்கெனவே இருக்கு. ஆனா எனக்கு உங்களைத் தெரியும். பேப்பர்ல போட்டிருந்தாங்களே. மேடிசன் யுனிவர்சிட்டியிலேருந்து ஒரு பொண்ணு ஊர் ஊரா வர்றா, எந்த ஊர்ல எதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு எழுதிக்கறா, ஒருத்தர் கொஞ்ச நேரம் பேசினாப் போதும், அவங்க எந்த ஊர்ல வளர்ந்தவங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவான்னு. நிஜமாவா? அடேயப்பா. அந்தக் காலமா இருந்தா உங்களைச் சூனியக்காரின்னு பிடிச்சுக் கொளுத்தியிருப்பாங்க, தெரியுமா.

அதான் நான் ஒண்ணு கேட்கப்போறேன். உங்க கேள்வியெல்லாம் கேட்டு முடிங்க. கடைசியில, நான் எந்த ஊர்க்காரின்னு நீங்க எனக்குச் சொல்லணும். வாசல்லயே சொன்னேனே, இந்த வெண்ட்லர்தான், பிறந்தது வளர்ந்தது எல்லாம். இருந்தாலும் நீங்க சொல்லணும். என்ன விஷயம்னா, எங்க ரூத்தி வர்ற திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறா. உள்ளே தூங்கறா. ஒரு குழந்தை பேசறதெல்லாம் அம்மா வாயிலேருந்து எடுத்ததுதானே? அம்மா ஒரு வார்த்தையைக் கோணலா சொன்னா பொண்ணும் கோணலா சொல்லும். வகுப்புல மத்த பசங்க விடுவாங்களா? கேலிதான். அதனால என் பேச்சு சுத்தமான வெண்ட்லர் பேச்சா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரு வார்த்தை விடாம. சும்மா ஆசைக்குக் கேட்கலை, நிஜமாவே தெரிஞ்சாகணும். சரியா? கேளுங்க.

நடைபாதையில, பள்ளிக்கூடத்துல எல்லாம் குழாயிலேருந்து தண்ணி மேல பீச்சும், குனிஞ்சு குடிப்போமே, அதுவா? பப்ளர். அதுல என்ன சந்தேகம். இந்த ஏரிக்கரை முழுக்க அது பப்ளர்தான். இங்கேருந்து ரெண்டு மாநிலம் தள்ளிப் போங்க, ஒருத்தருக்கும் புரியாது. என்னோட சீஸ் ஃபேக்டரியில வேலை பாக்கற வாண்டா ஒரு தடவை ஒஹாயோவுல அக்காவுக்குப் பிரசவம்னு போனா. ஆஸ்பத்திரியில நாக்கு வறண்டு போய், பப்ளர் எங்கேன்னு ஒரு நர்ஸைக் கேட்டிருக்கா. பபிள்னா நுரைதானே, அந்த நர்ஸ் முழிச்சுட்டு, குளிக்கறதுக்கெல்லாம் இங்க வசதி இல்லைம்மா, சோப்பு நுரை வேணும்னா வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கோன்னாளாம். வாண்டா தண்ணி குடிக்காமலே ஊர் வந்து சேர்ந்தா. இன்னும் ஒஹாயோ பேர் சொன்னாலே அவளுக்குத் தாகம் எடுக்கும்.

ரோட்டுல இருக்கற சிக்னல்? ஸ்டாப் அண்ட் கோ லைட். ஏன் சிரிக்கறீங்க? நில், போ, அவ்வளவுதானே அது சொல்றது? பக்கத்து மாநிலத்து ஆள், இல்லினாய்ஸ்காரன் ஒருத்தன் எங்கிட்ட வழி கேட்டான். ரெண்டாவது ஸ்டாப் அண்ட் கோ லைட்ல திரும்புன்னேன். சிவப்புக்கு நில், பச்சைக்குப் போ, அப்ப நடுவுல மஞ்சளுக்கு என்னன்னு நக்கலாக் கேட்டான். மஞ்சளுக்கு இன்னும் வேகமாப் போன்னேன். உங்க ஊர்லயும் அப்படித்தானே ஓட்டறீங்க?

பாட்டில்ல கேஸ் போட்டு விக்கறது, சோடா. பாப்னு சொல்றவங்க வேற பக்கம். காகிதக் கட்டு, காய்கறிக் கட்டு எல்லாம் சுத்தறதுக்கு, இழுத்தா நீளுமே... ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்ட்தான். வேற என்ன சொல்வாங்க? அதுக்கு வேற பேர்கூட இருக்கா? கேள்விப்பட்டதே இல்லை. ரப்பர் பேண்ட்டுனு எழுதிக்கோங்க. அடுத்தது.

இருங்க, இதைக் கொஞ்சம் வாயில போட்டுக்கோங்க. ஃபேக்டரியிலேருந்து இன்னிக்குக் காலையில கொண்டு வந்த சீஸ் துண்டு. கடிச்சாப் பல்லுல கீச்சுன்னு சத்தம் வரணும். வந்துச்சா? சத்தம் வந்தா அன்னிக்குச் செஞ்சது, வரலைன்னா அதை இல்லினாய்ஸ்காரனுக்கு வித்துடுவோம். அவங்கதான் எங்களுக்குச் சீஸ்ஹெட்டுனு பேர் வெச்சது. சீஸ் தலையாம். கேலிக்கு வெச்சாங்க. எங்க ஆளுங்க என்ன பண்ணாங்க? மஞ்சள் பஞ்சுல சீஸ் துண்டு மாதிரியே தொப்பி பண்ணி, தலையில மாட்டிக்கிட்டு, ஃபுட்பால் மேட்ச்சுல அவங்க எதிரயே போய் உட்கார்ந்தாங்க. திட்டினவனுக்கு எப்படி இருந்திருக்கும்? திட்டையே தொப்பியாப் போட்டுக்கிட்டவங்களை மேற்கொண்டு என்ன சொல்லித் திட்டறது.

பட்டப் பேரா? ஊர்களோட பட்டப் பேரா? அதைக் கேளுங்க, அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. மில்வாக்கிக்கு க்ரீம் சிட்டி. வெளியூர்க்காரங்க எல்லாம் பால் ஏடுக்காக அந்தப் பேர்னு நினைச்சுக்கறாங்க. ஒண்ணும் கிடையாது, செங்கல். அந்தப் பக்கத்து மண்ணைச் சூளையில வெச்சாச் சிவப்பா வராது, ஏடு நிறத்துல வெளுப்பா வரும். அதுலயே ஊரைக் கட்டினாங்க. இப்ப பாதிச் சுவர் புகை படிஞ்சு கறுத்துக் கிடக்கு, இருந்தாலும் க்ரீம்தான். இந்த மாநிலத்துக்கே பேட்ஜர் மாநிலம்னு பேர். அதுவும் காட்டுல வளை தோண்டற அந்த மிருகத்துக்காக இல்லை. ஈயம் தோண்ட வந்தவங்க வீடு கட்ட நேரம் இல்லாம, மலைச் சரிவுலயே குழி பறிச்சு அதுக்குள்ள குளிர்காலத்தைக் கழிச்சாங்க. மிருகத்துக்கு அந்தப் பேரைத் திருப்பிக் கொடுத்திருந்தா நியாயம், நாங்க கொடியில போட்டுக்கிட்டோம்.

சிகாகோவுக்கு விண்டி சிட்டி. காத்தடிக்கற ஊர். அவங்களைக் கேட்டா ஏரிக்காத்துன்னுவாங்க. எங்களைக் கேட்டா அவங்க அரசியல்வாதிங்க விடற காத்து. எது நிஜம்னு அவங்கவங்க இருக்கற இடத்தைப் பொறுத்தது. நியூயார்க்குக்கு பிக் ஆப்பிள். குதிரை லாயத்துல வேலை பாத்தவங்க வெச்சது அது. பந்தயத்துக்குக் குதிரையை அங்க கூட்டிக்கிட்டுப் போறதை, பெரிய ஆப்பிளுக்குப் போறோம்னு சொல்லிக்கிட்டாங்களாம். குதிரைக்கு ஆப்பிளை விடப் பெரிசா வேற என்ன இருக்கப்போகுது? இண்டியானாக்காரங்களுக்கு ஹூசியர். ஏன்னு மட்டும் கேட்டுடாதீங்க. பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்லுவாங்க, ஒவ்வொருத்தரும் சத்தியம் பண்ணுவாங்க, அப்புறம் அவங்களுக்குள்ளயே சட்டையைப் பிடிச்சுக்குவாங்க. டெட்ராய்ட்டுக்கு மோட்டார் சிட்டி, அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். டென்வருக்கு மைல் உசர ஊர். நியூ ஆர்லியன்ஸுக்கு பிக் ஈஸி.

எது? பிட்ஸ்பர்கா? பிட்ஸ்பர்குக்கு... தெரியலையே. அதுக்குப் பட்டப் பேர் எதாவது இருக்கா? இருக்கும். நமக்கு எதுக்கு அந்தப் பக்கமெல்லாம். காப்பி ஆறிடுச்சு பாருங்க, கொடுங்க, சூடா ஊத்தறேன்.

எங்க வெண்ட்லருக்கா? எங்க ஊருக்குப் பட்டப் பேர் தெரியாமலா வந்தீங்க? ஒத்தை பூட்ஸ் ஊர். ஹைவேயில போர்டுலயே ஒரு பூட்ஸ் படம் போட்டிருக்குமே, பாக்கலையா? ஒரே ஒரு பூட்ஸ். அது இடது காலா வலது காலான்னு தெரியக் கூடாதுன்னு பெயிண்டர்கிட்ட சொல்லி மொழுக்குன்னு வரைய வெச்சாங்க, ஏன்னா அதுலயும் சண்டை. இந்த ஊர் நடுவுல ஓடற ஆறு இருக்கே, அதுக்கு வடக்குல ஜெர்மன்காரங்க, லூத்தரன் சர்ச். தெற்குல போலிஷ்காரங்க, கத்தோலிக்கச் சர்ச். ஒரே மளிகைக் கடை, ஒரே ஃபேக்டரி, ஆனா அவங்களுக்குள்ள பேச்சு வார்த்தை சுத்தமாக் கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, சாவுக்கு மட்டும் போவாங்க, அதுவும் சாப்பாடு எப்படின்னு பாக்க.

வடக்குக் கதை இது. வெண்ட்லர்னு ஒருத்தன்தான் இந்த ஊருக்கு முதல்ல வந்தவன். ஏரியில படகை விட்டு இறங்கிச் சதுப்பு நிலத்துல நடந்து வந்திருக்கான். ஒரு கால் சேத்துல மாட்டிக்கிச்சு. இழுத்தா, கால் வந்துச்சு, பூட்ஸ் வரலை. புது பூட்ஸ். ஜெர்மன்காரன், விடுவானா? தோண்டினான். ராத்திரியாச்சு, பக்கத்துலயே ஒரு குடிசை போட்டுக்கிட்டான். குளிர்காலம் வந்து சேறு உறைஞ்சு போச்சு. சரி, இளகினதும் எடுக்கலாம்னு உட்கார்ந்தான். சும்மா உட்காருவானேன்னு கல்யாணம் பண்ணிக்கிட்டான். பிள்ளைங்க பிறந்துச்சு. அதுங்களையும் தோண்ட விட்டான். பூட்ஸ் கடைசி வரைக்கும் கிடைக்கலை, ஊர் உண்டாயிடுச்சு. ஃபேக்டரியில எர்னான்னு ஒருத்தி, வடக்குக்காரி, இந்தக் கதையைச் சொல்றப்ப அவ கண்ணு கலங்கும். விடாமுயற்சியாம்.

தெற்குக் கதை வேற. அங்க ஒரு பூட்ஸ் ஃபேக்டரி இருந்துச்சாம், ஒரு நவம்பர்ல தீப்பிடிச்சிருக்கு. தெற்குப் பக்கத்து ஆம்பளைங்க எல்லாம் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ளே பாய்ஞ்சு பெட்டி பெட்டியா வெளியே தூக்கிப் போட்டாங்க. எல்லாம் அணைஞ்ச பிறகு பெட்டியைத் திறந்து பாத்தா, அத்தனையும் இடது கால். வலது கால் பூட்ஸை இன்னொரு கூடத்துல வெச்சிருந்தாங்களாம், அது சாம்பல். ஃபேக்டரிக்காரர் இருக்கறதை எடுத்துக்கோங்கன்னு சும்மா கொடுத்துட்டார். அந்தக் குளிர்காலம் பூரா தெற்குப் பக்கம் மொத்தமும் ரெண்டு கால்லயும் இடது பூட்ஸ் போட்டுக்கிட்டு நடந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு நேரா நடக்க வராதாம், ஒரு பக்கமா இழுக்குமாம். சர்ச்சுக்குன்னு கிளம்பினவங்க எல்லாம் பீர்க் கடையில போய் நின்னாங்க. பாதிரியார் வந்து கேட்டா, சாமி, கால் இழுத்துக்கிட்டு வந்துடுச்சுன்னாங்களாம். பனியில அவங்க கால் தடத்தைப் பாத்த வடக்குக்காரங்க, இதென்னடா எல்லாரும் ஒத்தைக் கால்ல குதிச்சுப் போயிருக்காங்கன்னு பேர் வெச்சது. வாண்டா தெற்குக்காரி, அவ சொல்லிக் கேட்கணும் அதை. அந்தப் பாதிரியார் மாதிரியே நடிச்சுக் காட்டுவா.

அப்புறம் இந்தத் துறைமுகத் தெருவுல ஒரு கதை. இங்க அந்தக் காலத்துல மீன்பிடிக்கறவங்கதான் இருந்தாங்க. சனிக்கிழமையானா ஆம்பளைங்க கூலியை வாங்கிட்டு நேராக் குடிக்கப் போயிடுவாங்க. பொம்பளைங்க சேர்ந்து ஒண்ணு பண்ணாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி புருஷனுங்க தூங்கின பிறகு ஆளுக்கு ஒரு பூட்ஸை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டாங்க. ரெண்டையும் எடுத்தா அவன் வேற வாங்கிக்குவான். ஒண்ணு மட்டும் எடுத்தா, இங்கதான் எங்கயோ கிடக்கும்னு நாள் பூரா தேடுவான். ஒத்தை பூட்ஸோட வாசப்படியில வரிசையா உட்கார்ந்திருப்பாங்களாம் அத்தனை பேரும், மானம் போகுதேன்னு. வீட்டுக்குள்ள போய்ப் பொண்டாட்டிகிட்ட கேட்கவும் பயம். இந்தத் தெருவுல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவா. அவங்க முகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க.

ஆக மூணு கதை. மூணுலயும் ஒரு பூட்ஸ் குறையுது. எனக்குத் தெரிஞ்சு மூணுமே பொய்யா இருக்கும், ஆனா சொல்ல நல்லா இருக்குல்ல.

ஏங்க, ஏன் மெஷினை நிறுத்திட்டீங்க? கேசட் முடிஞ்சிருச்சா? திருப்பிப் போடலாமே. இல்லையா? கேள்வி தீந்துடுச்சா? சரி. அப்ப நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லணும். நான் எந்த ஊர்?

சும்மா சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

ம்.

இந்த ஊர் இல்லையா? எதை வெச்சுச் சொல்றீங்க? பப்ளர்ல தப்பா? ஸ்டாப் அண்ட் கோ? சோடாவா? வார்த்தை எதுலயுமே தப்பில்லையா? ராகம்? ராகமும் சரியா இருக்கா? அப்புறம் என்னதாங்க.

மூணு கதையையும் சொன்னதா?

ஓ.

ஆமாம். ஆமாம்ல. வாண்டாவுக்கு வடக்குக் கதை தெரியாது. தெரிஞ்சாலும் வாயால சொல்ல மாட்டா. எர்னாகிட்டப் போய்த் தீப்பிடிச்ச கதையைச் சொன்னா எழுந்து போயிடுவா. இந்த ஊர்ல பிறந்தவளா இருந்தா ஒரு கதையைச் சொல்லிட்டு, மத்ததெல்லாம் புளுகுன்னு மூஞ்சியைத் திருப்பியிருக்கணும். நான் மூணையும் சமமா, அழகா, கடைக்காரன் துணி விரிச்சுக் காட்டற மாதிரி காட்டிட்டேன். அடச்சே.

சிரிப்பா வருதுங்க. நான் சிரிக்கறேன், நீங்களும் சிரிங்க. எப்படி வந்துச்சு தெரியுமா அந்த மூணு கதையும்? நான் இந்த ஊருக்கு வந்தப்ப வாண்டா நீ எந்தப் பக்கம்னு கேட்டா. வடக்குன்னேன். ஏன்னா வடக்குல யார்கூடவும் அவளுக்குப் பேச்சு கிடையாது, போய் விசாரிக்க மாட்டா. எர்னா கேட்டா. தெற்குன்னேன். அவளும் விசாரிக்க மாட்டா. ஒரே மேஜையில ரெண்டு முனையில உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவாங்க, ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்க மாட்டா. நடுவுல நான். இதை விடப் பத்திரமான இடம் அமெரிக்காவுலயே கிடையாது. ஆனா ரெண்டு பேரும் சமாதானமாயிட்டா நான் செத்தேன். போன கிறிஸ்துமஸ் சமயம் எர்னா ஒரு கேக் துண்டை வாண்டா பக்கமாத் தள்ளினா. உடனே, ஆமா, அந்தத் தீயை அணைக்க வடக்குக்காரங்க ஒருத்தர்கூட வரலையாமேன்னு ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன். கேக்கு திரும்பிப் போயிடுச்சு. பாவம்தான். என்ன பண்றது.

சரி. இந்த ஊர் இல்லேங்கறது தெரிஞ்சு போச்சு. எந்த ஊர்னு உங்களால சொல்ல முடியுமா? சத்தமா வேண்டாம், ரூத்தி முழிச்சுக்குவா. இங்க கிட்ட வந்து சொல்லுங்க. இந்தக் காதுல இல்லை, இது கொஞ்சம் மந்தம். இந்தப் பக்கம்.

ஆமாம்.

அது எப்படிங்க? நான் ஒரு வார்த்தைகூட அந்தப் பக்கத்து வார்த்தை விடலையே. அத்தனை ஊருக்கும் பட்டப் பேர் சொன்னவளுக்கு அந்த ஒரு ஊருக்கு மட்டும் தெரியலைன்னா, அதுலதான் எதோ இருக்குன்னு தோணுச்சா. சரிதான். அமெரிக்காவுல பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியுமே அது. நீங்க பிட்ஸ்பர்குன்னதும் என் வாய் தானா மூடிக்கிச்சு. பேப்பர்காரன் பொய் சொல்லலை, நீங்க கெட்டிக்காரிதான்.

யாருகிட்டயும் சொல்லலைங்க இதை. நீங்கதான் முதல். ரூத்தியோட அப்பாவுக்கு லாரி வேலை. இரும்பு ஏத்திக்கிட்டு எட்டு மாநிலம் சுத்துவார். நாங்க அவர்கிட்டேருந்து தப்பிச்சு வெளியே வந்த பிறகு, எங்களைத் தேட அவர் போலீஸுக்கெல்லாம் போகலை. போற வழியில ரோட்டோரக் கடையில எல்லாம் வண்டியை நிறுத்துவார். தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்குவார். பழம் வெச்சுச் சுட்ட பை ஒரு துண்டு ஆர்டர் பண்ணுவார். அப்புறம் ரொம்பப் பாவமா, வீட்டை விட்டு வந்து நாளாச்சுங்க, எங்க ஊர் பேச்சைக் காதால கேட்டாக் கொஞ்சம் தேவலாம் போல இருக்கு, இந்தப் பக்கம் எங்க ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேட்பார். அவ்வளவுதான். யாருக்கு மனசு வராது, சொல்லுங்க? ஒஹாயோவுல நாங்க இருந்த ஊர்ல ஸ்டேஷனரிக் கடை அம்மா ரொம்ப நல்லவங்க. நான் அவங்க கடையில கம்பேண்ட் ஒரு பாக்கெட் கொடுங்கன்னு கேட்டேன். எங்க ஊர்ல ரப்பர் பேண்டுக்கு அதுதான் பேர். அவங்களுக்குச் சிரிப்பு தாங்கலை, நாலு பேருக்குச் சொல்லியிருக்காங்க. அவர் வந்து கேட்டப்ப, ஐயோ, உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு இங்கயே இருக்கேன்னு எங்க வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்து விட்டாங்க. தனியா இருக்கற பொண்ணுக்கு ஒரு சொந்த ஊர்க்காரரைச் சேர்த்து வெச்ச சந்தோஷம் அவங்களுக்கு. அந்தக் காது மந்தமானது அன்னிக்குத்தான்.

அதுலேருந்து ஒரு விஷயம் புரிஞ்சுது. பேரை மாத்தலாம், முடியை வெட்டலாம், வாயைத் திறந்தாப் போச்சு. சின்ன வயசுல கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல ஜெபம் மனப்பாடம் பண்ண வெப்பாங்களே, அதே மாதிரி இந்த ஊர்ப் பேச்சை மனப்பாடம் பண்ணினேன். மெஷின் சத்தத்துல யாரும் பேச முடியாத இடமாப் பாத்து ஃபேக்டரியில சேர்ந்தேன். சாப்பாட்டு வேளையில மட்டும் காதைத் தீட்டிக்கிட்டு உட்காருவேன். வீட்டுக்கு வந்து ரூத்திக்குத் தாலாட்டுக்குப் பதிலா இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்ப அவ என்னைவிட சுத்தமாப் பேசறா. தூக்கத்துலகூட பப்ளர்தான்.

நீங்க வர்றீங்கன்னு பேப்பர்ல பாத்தப்பவே கிளம்பிப் போயிருக்கணும். அப்படித்தான் முதல்ல நினைச்சேன். அப்புறம், எத்தனை நாளைக்கு இப்படிப் பதுங்கறது, இவளுக்கும் பள்ளிக்கூட வயசாச்சு, இந்த நாட்டுலயே காது கூர்மையான ஒருத்தி வர்றா, அவ கண்டுபிடிக்கலைன்னா வேற எவனும் கண்டுபிடிக்க மாட்டான்னு தோணுச்சு. அதான் கதவைத் திறந்தேன்.

நிஜமா சொல்லுங்க. உங்களை மாதிரி படிச்சவங்க இல்லாம, ரோட்டோரக் கடையில பை வெட்டிக் கொடுக்கற ஒருத்திக்கு என் பேச்சுல எதாவது தட்டுப்படுமா?

படாதா. பேச்சு சுத்தமா இருக்கா. இந்த ரெண்டு ஓட்டையை அடைச்சுட்டாப் போதுமா.

அப்ப முதல் ஓட்டை. ஒரு கதையைப் பிடிச்சுக்கணும். இந்தத் தெருவுல இருக்கேன், இந்தத் தெருக் கதையே இருக்கட்டும். பொம்பளைங்க ஒளிச்சு வெச்சாங்க. மத்த ரெண்டும் கடைஞ்செடுத்த புளுகு. எவன்டா ஒரு பூட்ஸுக்காக ஊர் கட்டுவான்? சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் கோபமாவா? சரி, கோபம் எனக்குச் சுலபமா வரும். வாண்டாவும் எர்னாவும் இனிமே கேக்கைப் பங்கு போட்டுக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு பேரும் கேட்டா, அப்பா வடக்கு, அம்மா தெற்கு, ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணி இந்தத் தெருவுல ஒளிஞ்சாங்கன்னு சொல்லிக்கறேன். அந்த மாதிரி ஒரு அவமானத்தை யாரும் தோண்ட மாட்டாங்க.

ரெண்டாவது ஓட்டை. பிட்ஸ்பர்குக்கு என்ன பட்டப் பேர்னு யாராவது கேட்டா? ஸ்டீல் சிட்டி. இன்னொரு தடவை சொல்லிப் பாக்கறேன். ஸ்டீல் சிட்டி. எஃகு உருக்கற ஊர், அதான் அந்தப் பேர். பாருங்க, சாதாரணமாத்தான் வருது. பாலமா இருக்குமாம் அங்க, எங்க பாத்தாலும். கேள்விப்பட்டிருக்கேன். ஆமா, அப்படியே, கேள்விப்பட்டிருக்கேன்னு விட்டுடணும். போதும்.

கேசட்டா? எனக்கு வேண்டாங்க, உங்க உழைப்பு அது. அழிச்சுடறீங்களா? அப்ப என் முன்னாடி வேண்டாம், நீங்க போய் அழிச்சாப் போதும். உங்களை நம்பறேன். நம்பி நாளாச்சு, எப்படி இருக்குன்னுதான் பாப்போமே.

போறதுக்கு முன்னாடி ஒரு கை கொடுத்துட்டுப் போறீங்களா மிஸ் டோரன்? பின்னாடி கார்ல எங்க சாமானெல்லாம் ஏத்தி வெச்சிருக்கேன். நீங்க இந்த ஊர் இல்லைன்னு சொல்லிட்டா, நீங்க அடுத்த தெரு திரும்பறதுக்குள்ள கிளம்பிடறதுன்னு இருந்தேன். இப்ப எல்லாத்தையும் திரும்ப வீட்டுக்குள்ள இறக்கணும். பெரிய பெட்டிங்களை நான் தூக்கிக்கறேன், எனக்குப் பழக்கம். அந்தச் சின்னதை மட்டும் நீங்க எடுங்க. அதுலதான் ரூத்தியோட பள்ளிக்கூடச் சட்டை இருக்கு, இஸ்திரி போட்டு வெச்சது. சாய்க்காமப் பிடிங்க, கசங்கிடும்.